கூடப் போனவங்க மட்டும் திரும்பி வந்தா…

ரெண்டு இதழுக்கு முன்னாடி, அமெரிக்காவுல வேன் ட்ரிப் போய் காணாம போன கேபி பெட்டிட்டோ பத்தி இந்தப் பகுதியில நாலு வரி எழுதியிருந்தேன், யாரும் அவசரப்பட்டு தீர்ப்பு சொல்லாதீங்கன்னு ஒரு வார்த்தையும் சேர்த்திருந்தேன். அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. நிறைய பேர் கோவமா எழுதியிருக்கீங்க, சிலர் நம்ம நாட்டுக் கேஸோட சேர்த்து வச்சுக் கேட்டிருக்கீங்க, ஒரு தங்கச்சி தன் வீட்டுல நடக்குறதை எழுதியிருந்தாங்க, அதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த வாரம். இந்த வாரம் இது மட்டும்தான்.

கேள்வி: அக்கா, கேபி கேஸ்ல ஜனங்க முதல் நாள்லயே "கூடப் போனவன்தான்"னு சொன்னாங்க. கடைசியில அவன்தான்னு ஆச்சு. அப்புறம் எதுக்கு ஊகம் பண்ணாதீங்கன்னு எழுதுறீங்க? யூடியூப்காரங்க இல்லேன்னா அந்தப் பொண்ணு உடம்பு கூட கிடைச்சிருக்காதே? – ஆர்.எம்., திருப்பூர்

தம்பி, உங்க கோவம் நியாயமானது. கூட வாழ்ந்தவனே கொன்னான்னு தெரிஞ்ச பிறகு யாருக்குத்தான் மனசு ஆறும். ஆனா நடந்ததை வரிசையா ஒரு தடவை பாருங்க. 2021 ஜூலை ஆரம்பத்துல நியூயார்க் பக்கத்துலருந்து ஒரு சின்ன வெள்ளை ஃபோர்டு வேன்ல கேபியும் அவங்களுக்கு நிச்சயமான பிரையன் லாண்ட்ரியும் கிளம்புறாங்க, நாலு மாசம் ஊர் சுத்தி வீடியோ போடணும்னு கேபிக்கு ஆசை, வயசு 22. செப்டம்பர் 1-ஆம் தேதி அந்த வேன்ல பிரையன் மட்டும் தனியா ஃபுளோரிடாவுல தன் அப்பா அம்மா வீட்டுக்கு வந்து சேர்றான். பொண்ணோட அம்மா போன் மேல போன் போட்டும் பதில் இல்லாம, செப்டம்பர் 11-ஆம் தேதி போலீஸ்ல புகார் குடுக்குறாங்க. அந்தப் பத்து நாளை நினைச்சாலே எனக்கு வயித்தைப் பிசையுது. பொண்ணோட வேன் இவங்க வாசல்ல நிக்குது, பொண்ணு எங்கேன்னு பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்ல.

அப்ப ஜனங்க சந்தேகப்பட்டதுல தப்பே இல்ல, போலீஸும் சந்தேகப்பட்டாங்க. ஆனா சந்தேகப்பட்டதோட நிக்கலையே. அவன் வீட்டு வாசல்ல ஒலிபெருக்கி வச்சுக் கத்தினாங்க. தாடி வச்சு பை மாட்டினவங்க எல்லாம் பிரையனாத் தெரிஞ்சாங்க, வடக்கு கரோலினாவுல தன் ஜோடியோட மலையேற வந்து லாட்ஜ்ல தங்கியிருந்த ஒருத்தரை சாயல் ஒத்துப்போச்சுன்னு போலீஸே துப்பாக்கியோட சுத்தி வளைச்சுட்டாங்க, கைரேகையும் கையில பச்சை இல்லாததும் பார்த்துதான் விட்டாங்க. யூட்டாவுல மோவாப் ஊர் பக்கத்துல கேம்ப் போட்டிருந்த ரெண்டு பொண்ணுங்களை யாரோ சுட்டுக் கொன்னது அதே ஆகஸ்ட் மாசம், அதையும் பிரையன் தலையில கட்டி நூத்துக்கணக்குல வீடியோ வந்துச்சு, போலீஸ் சம்பந்தம் இல்லேன்னு சொன்ன பிறகும் நிக்கல. அந்தக் கொலைக்கு வேற ஒருத்தன்னு அடுத்த வருஷம் தெரிஞ்சுது. அந்த ரெண்டு பொண்ணுங்களைப் பெத்தவங்க அத்தனை நாள் எதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்திருப்பாங்க?

யூடியூப்காரங்க விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் நான் உங்க பக்கம். வேன்லயே ஊர் சுத்துற ஒரு புருஷன் பொண்டாட்டி, அவங்களும் ஃபுளோரிடாக்காரங்க. ஆகஸ்ட் 27-ஆம் தேதி சாயங்காலம் வயோமிங் மாநிலத்துல ஸ்ப்ரெட் கிரீக்ங்கிற இடத்துல தங்க எடம் தேடிப் போறப்ப, ஓரமா ஒரு வெள்ளை வேன் ஃபுளோரிடா நம்பர் பிளேட்டோட நிக்குது, நம்ம ஊர்க்காரங்களாச்சே ஒரு ஹாய் சொல்லலாம்னு வண்டியை மெதுவாக்குறாங்க, உள்ள இருட்டா இருந்துச்சு, ஆளைக் காணோம், சரின்னு கிளம்பிட்டாங்க. மூணு வாரம் கழிச்சு இந்த நியூஸ் பார்த்துட்டு, வண்டிக் கண்ணாடியில மாட்டியிருந்த கேமரா பதிவை எடுத்து, அந்தத் தேதியைத் தேடி உக்காந்து ஓட்டிப் பார்க்குறாங்க. வேன் இருக்கு. உடனே அமெரிக்காவோட மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.-க்கு அனுப்புறாங்க. செப்டம்பர் 19-ஆம் தேதி அந்தப் பக்கத்துலயே உடம்பு கிடைச்சுது.

பார்த்தீங்களா தம்பி, அவங்க "அவன்தான் கொன்னான்"னு ஒரு வார்த்தை சொல்லித் தேடல. எங்க போனோம், என்னைக்குப் போனோம், கேமராவுல என்ன விழுந்திருக்குன்னு பார்த்தாங்க. நாங்க பிரையனுக்கு லிஃப்ட் குடுத்தோம்னு தேதி, நேரம், இடத்தோட சொன்ன ஒரு பொண்ணும் அப்படித்தான். லட்சக்கணக்கான கமெண்டுல தேடுறவங்களுக்கு உபயோகப்பட்டது இந்த மாதிரி கையளவுதான். பிரையன் உடம்பு அக்டோபர் 20-ஆம் தேதி ஃபுளோரிடாவுல காட்டுக்குள்ள கிடைச்சுது, தன்னைத்தானே சுட்டுக்கிட்டான், நான்தான் காரணம்னு அவன் நோட்டுல எழுதியிருந்ததா 2022 ஜனவரியில எஃப்.பி.ஐ. சொல்லுச்சு. கோர்ட்டுல நின்னு பதில் சொல்லாமலே போயிட்டான், அந்தக் குடும்பத்துக்கு அதுவும் சேர்த்து வேதனை.

கேள்வி: நடுவழியில போலீஸ் வேனை நிறுத்தி விசாரிச்சாங்களாமே மேடம், அப்பவே பிடிச்சு உள்ள போட்டிருந்தா பொண்ணு பொழைச்சிருக்குமே? – வி. சுப்பு, மதுரை

அந்த வீடியோவை நான் முழுசா பார்த்தேன் சார். ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுது, போலீஸ்காரர் சட்டையில மாட்டியிருந்த கேமரா எடுத்தது. ஆகஸ்ட் 12, மோவாப் ஊர். ரோட்டுல போன ஒருத்தர் 911-ங்கிற அவசர உதவி எண்ணுக்கு போன் பண்ணி, ஒரு ஆள் ஒரு பொண்ணை அறைஞ்சுக்கிட்டு இருக்கான், ரெண்டு பேரும் வெள்ளை வேன்ல ஏறிப் போறாங்கன்னு சொல்லியிருக்கார். அவர் சொன்னது அவ்வளவு தெளிவு. போலீஸ் துரத்திப் போய் ஆர்ச்சஸ் நேஷனல் பார்க் வாசல் பக்கத்துல நிறுத்துறாங்க. ஜன்னல் கிட்ட போனா பொண்ணு விசும்பி விசும்பி அழுதுக்கிட்டு இருக்கா. தப்பு என் மேலதான் சார், நான்தான் டென்ஷன் ஆயிட்டேன், வேனை க்ளீன் பண்ணிக்கிட்டே இருந்தேன், அவரை நான்தான் முதல்ல அடிச்சேன்னு சொல்றா. அவன் என்ன பண்ணான்னு கேட்டா, தயங்கித் தயங்கி முகத்தைப் பிடிச்சான்னு கையை வச்சுக் காட்டுறா. அந்தப் பக்கம் பிரையன் போலீஸ்காரங்களோட சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கிறான்.

அவன் உடம்புல கீறல் இருந்துச்சு, அவ வாயாலயே அடிச்சேன்னு சொன்னா, அதனால அடிச்சது அவதான்னு போலீஸ் முடிவு பண்ணி, யார் மேலயும் கேஸ் போடாம, அன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் பிரியணும்னு அவனை ஹோட்டல்லயும் அவளை வேன்லயும் விட்டாங்க. தெரியாம செஞ்ச தப்புகள் இதுல பல இருக்குன்னு 2022 ஜனவரியில வந்த தனி விசாரணை அறிக்கை சொல்லுச்சு, போன் பண்ணவர்கிட்ட வாக்குமூலம் கூட வாங்கலையாம். உள்ள போட்டிருந்தா பொழைச்சிருப்பாளான்னு கேட்டா, அதை யாராலயும் சொல்ல முடியாது. எனக்கு மனசுல நிக்கிறது அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே தன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டதுதான். நம்ம வீடுகள்ல எத்தனை பொண்ணுங்க இப்படிப் பேசிக் கேட்டிருக்கோம், நான்தான் வாய் குடுத்தேன், அவருக்குக் கோவம் வந்துருச்சு, அவர் நல்லவர்தான்னு. அக்டோபர்ல பிணக்கூறு பார்த்த அதிகாரி சொன்ன சாவுக் காரணம், கையால கழுத்தை நெரிச்சது.

அதுக்கப்புறம் கேபியைப் பெத்தவங்க ஓடி ஓடிப் பேசி, 2023-ல யூட்டா மாநிலத்துல ஒரு சட்டம் வந்துச்சு. ஜோடிக்குள்ள அடிதடின்னு போற போலீஸ், பாதிக்கப்பட்டவங்ககிட்ட உயிர் ஆபத்து எவ்வளவு இருக்குன்னு கண்டுபிடிக்கிற குறிப்பிட்ட கேள்விகளைக் கேட்டே ஆகணும். கொன்னுடுவேன்னு மிரட்டியிருக்கானா, கழுத்தை நெரிச்சிருக்கானா, இவனால உங்க உயிருக்கு ஆபத்து வரும்னு நினைக்கிறீங்களா, இப்படி நேரடியா. நம்ம ஊர் மகளிர் ஸ்டேஷன்ல முதல் வேலையா இதைக் கேட்டா எவ்வளவு நல்லா இருக்கும்னு ஏங்குறேன்.

கேள்வி: என்னதான் சொல்லுங்க, புருஷனோ லவ்வரோ காணாம போயிருக்கும்போது ஒரு பொண்ணு கண்ணுல தண்ணியே இல்லாம பேட்டி குடுத்தா சந்தேகம் வரத்தானே செய்யும்? – கே. லட்சுமி, நாகர்கோவில்

லட்சுமிம்மா, உங்களுக்கு ஜோயன் லீஸ் கதையைச் சொல்றேன், ஏன்னா உங்க கேள்வியேதான் அந்தப் பொண்ணு வாழ்க்கையை அழிச்சுது.

2001 ஜூலை 14, ஆஸ்திரேலியா. இங்கிலாந்துலருந்து வந்த பீட்டர் ஃபால்கோனியோவும் ஜோயன் லீஸும் ஒரு ஆரஞ்சு கலர் கோம்பி வேன்ல நாட்டோட நட்ட நடுவுல போற ஸ்டூவர்ட் ஹைவேயில வடக்கே போறாங்க. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தாண்டி முன்னூறு கிலோமீட்டர் வாக்குல, பாரோ கிரீக்குன்னு ஒரு இடம், இடம்னா ஒரு பழைய ஹோட்டல், ரெண்டு மூணு கட்டடம், மிச்சமெல்லாம் செம்மண்ணும் புதரும். இருட்டிருச்சு. பின்னாடி வந்த ஒரு வண்டிக்காரன் பக்கத்துல வந்து, உங்க வண்டி பின்னாடி நெருப்புப் பொறி பறக்குதுன்னு சைகை காட்டுறான். பீட்டர் ஓரம் கட்டி இறங்கிப் பின்னாடி போறார். டப்புன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், அதுக்கப்புறம் அவரை ஜோயன் பார்க்கவே இல்ல. துப்பாக்கியோட வந்தவன் இவ கையைப் பின்னாடி வச்சு பிளாஸ்டிக் கேபிள் டைகளால கட்டி, வாயில டேப் ஒட்டப் பார்த்து, தன் வண்டியில தள்ளுறான். இவ எப்படியோ நழுவி இறங்கிப் புதருக்குள்ள ஓடிப் படுத்துக்குறா. அவன் டார்ச் அடிச்சுக்கிட்டு, நாயையும் கூட்டிக்கிட்டுத் தேடுறான். அஞ்சு மணி நேரத்துக்கு மேல அசையாம அந்த இருட்டுல கிடந்திருக்கா, நல்ல குளிர்காலம் வேற அது. அப்புறம் தூரத்துல லாரி வெளிச்சம், அங்க ரோடு ட்ரெயின்னு சொல்வாங்க, ரெண்டு மூணு ட்ரெய்லர் கோத்த பெரிய லாரி, அதுக்கு முன்னாடி ஓடி நின்னுதான் உயிர் தப்பினா.

இப்படி உயிர் தப்பி வந்த பொண்ணை என்ன கேட்டாங்க தெரியுமா? ஏன் அழல. ஏன் பத்திரிகைக்காரங்களைப் பார்க்க மாட்டேங்குறா. பேட்டிக்கு வந்தப்ப குறும்புக் குரங்குன்னு எழுதின டீ-சர்ட் போட்டிருந்தா, இப்படி ஒரு நேரத்துல அந்த டீ-சர்ட்டான்னு அதையே பிடிச்சுக்கிட்டாங்க. நாய் ஏன் இவளைக் கண்டுபிடிக்கல. அவன் செருப்புத் தடம் ஏன் இல்ல. பின்னாடி கட்டின கையை எப்படி முன்னாடி கொண்டு வந்தா. சிட்னியில ஒருத்தரோட கொஞ்ச நாள் பழக்கம் இருந்துச்சுன்னு தெரிஞ்சதும் சோலி முடிஞ்சுது, ஆளாளுக்குக் கதை கட்டிட்டாங்க. அதே ஊர் ஜனங்க இருபது வருஷம் முன்னாடி இன்னொரு தப்பு பண்ணவங்க. 1980-ல உலுரு பாறைகிட்ட கேம்ப்ல லிண்டி சேம்பர்லெய்னோட ஒன்பது வாரக் குழந்தையை டிங்கோ, அதான் அந்த ஊர்க் காட்டுநாய், தூக்கிட்டுப் போச்சு. தாய் சரியா அழலைன்னு பேச ஆரம்பிச்சு ஆயுள் தண்டனை வரைக்கும் போச்சு, 1986-ல குழந்தையோட சட்டை பாறையடியில கிடைச்ச பிறகுதான் ஜெயில்லருந்து விட்டாங்க, டிங்கோதான்னு அதிகாரபூர்வமா எழுதுறதுக்கு 2012 ஆச்சு. அந்தத் தாயை நினைச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு அடைக்குது.

ஜோயனுக்கு வந்தது என்னன்னு கேளுங்க. கையைக் கட்டின டையைத் தளர்த்த உதட்டுக்குப் பூசுற லிப் பாமைத் தேச்சுப் பார்த்தேன்னு அவ முதல்லயே சொல்லியிருந்தா, யாரும் நம்பல. மூணு மாசம் கழிச்சு போலீஸ் திரும்பப் போய் அவ படுத்திருந்தேன்னு சொன்ன புதருக்கு அடியில தேடினா, லிப் பாமும் டேப் துண்டும் அங்கேயே கிடக்கு. அவ டீ-சர்ட்டுல, வேற ஒரு டீ-சர்ட், அன்னைக்கு ராத்திரி போட்டிருந்தது, அதுல சின்னதா ஒரு ரத்தக் கறை. அது அவளோடதும் இல்ல, பீட்டரோடதும் இல்ல. பிராட்லி முர்டாக்னு ஒருத்தன், வேற கேஸ்ல 2002-ல மாட்டினவன், அவன் டி.என்.ஏ.-வோட ஒத்துப்போச்சு. 2005-ல டார்வின் கோர்ட்டுல விசாரணை, கட்டின கை முன்னாடி எப்படி வந்துச்சுன்னு அத்தனை பேர் முன்னாடி அந்தப் பொண்ணு செஞ்சே காட்டினா. டிசம்பர் 13-ஆம் தேதி ஜூரி ஒருமனதா குற்றவாளின்னு சொன்னாங்க, ஆயுள் தண்டனை, 28 வருஷத்துக்குப் பரோல் கிடையாது.

சம்பவம் நடந்து நாலரை வருஷம்மா. அத்தனை நாளும் அவ காதலனைப் பறிகொடுத்தவளாவும் இருந்தா, கொலைகாரின்னு பேர் வாங்கினவளாவும் இருந்தா. அழுகை வராததுக்கு எத்தனையோ காரணம் இருக்கும், சாவு வீட்டுல பித்துப் பிடிச்ச மாதிரி உக்காந்து சொம்பு எங்க, விளக்கு எங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க, பத்து நாள் கழிச்சு ஒரு சட்டையை மடிக்கும்போது உடைஞ்சு அழுவாங்க.

கேள்வி: மலையேறப் போய் காணாம போன பிரிட்டிஷ் பொண்ணு ஒருத்தங்க கேஸ்லயும் கூட இருந்தவரைச் சந்தேகப்பட்டாங்களாமே? – எஸ்.பி., கோவை

ஆமா, எஸ்தர் டிங்லி. 2020 நவம்பர் 22, பிரான்ஸ் ஸ்பெயின் எல்லையில பிரனீஸ் மலை, உச்சியிலருந்து தன் ஜோடிக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினாங்க, அதுதான் கடைசி. அவங்க தனியா மலையேறினாங்க, அவர் பிரான்ஸ்ல ஒரு வீட்டுல இருந்தார். உறவு சரியில்லையாம், அவர்தான் ஏதோ பண்ணிட்டார்னு நெட்டுல பேச்சு. பனி உருகினதும் அந்த மனுஷன் மாசக்கணக்கா அந்த மலைச் சரிவுகள்லயே நடந்து தேடினார். 2021 ஆகஸ்ட்ல உடம்பையும் பையையும் கண்டுபிடிச்சதே அவர்தான். கால் தவறி விழுந்திருக்காங்க, விபத்து. அவரைப் பத்தி எழுதினதை அழிச்சவங்க எத்தனை பேர்னு நினைச்சுப் பாருங்க.

கேள்வி: அப்ப மேகாலயா ஹனிமூன் கேஸுக்கு என்ன சொல்றீங்க அக்கா? – பெயர் வேண்டாம், சேலம்

2025 மே 23-ஆம் தேதி சோஹ்ரா, அதான் நாம சிரபுஞ்சின்னு சொல்ற ஊர், அது பக்கம் இந்தூர் ஜோடி காணாம போனாங்க, ஜூன் 2-ஆம் தேதி கணவர் உடம்பு அருவிப் பக்கத்துப் பள்ளத்துல கிடைச்சுது. மனைவியைக் காணோம். அப்ப நாடு முழுக்க என்ன பேசினோம்னு ஞாபகம் இருக்கா? பாவம் அந்தப் பொண்ணை எல்லை தாண்டிக் கடத்திட்டாங்க, அந்த மலை ஜனங்களே அப்படித்தான், அங்க டூர் போகாதீங்கன்னு. விருந்தாளியை அவ்வளவு மரியாதையா நடத்துற ஒரு மாநிலத்தையே கொலைகார ஊர்னு சொன்னோம். ஜூன் 9-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்துல காசிப்பூர்ல அந்தப் பொண்ணு போலீஸ் கையில, இப்ப அவங்க மேலயும் இன்னும் சிலர் மேலயும் கொலை வழக்கு. குற்றம் நிஜமா இல்லையான்னு கோர்ட் சொல்லணும், அதனால பேர் எழுத மாட்டேன். மேகாலயாக்காரங்ககிட்ட யாரு மன்னிப்புக் கேட்டோம்? அந்த ஊர் கைடு ஒருத்தர்தான் முதல்லயே, அவங்க கூட இந்தி பேசுற மூணு ஆம்பளைங்க மேல ஏறினதைப் பார்த்தேன்னு போலீஸ்கிட்ட சொல்லியிருக்கார். பார்த்ததை மட்டும் சொன்ன மனுஷன். எனக்கு அவர் மேல அவ்வளவு மரியாதை.

கேள்வி: தப்பு பண்ணலேன்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? வக்கீலை வச்சுக்கிட்டு அமைதியா இருந்தாலே குற்றவாளின்னுதானே அர்த்தம்? – டி.கே., வேலூர்

இல்லைங்க. தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லச் சொல்லி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு நம்ம அரசியல் சாசனமே 20(3)-ல சொல்லுது, அமெரிக்காவுலயும் அந்த உரிமை உண்டு. பிரையன் அதைத்தான் பிடிச்சுக்கிட்டான், அவன் பேசாததுல எனக்கும் ரத்தம் கொதிச்சுது, ஆனா அதே உரிமைதான் நாளைக்கு ஒரு நிரபராதியையும் காப்பாத்தும். கூடவே இன்னொண்ணு, கடைசியா ஒருத்தரோட சேர்ந்து இருந்ததைப் பார்த்தோம்ங்கிற சாட்சிக்கு நம்ம கோர்ட்டுல மதிப்பு இருக்கு, தனக்கு மட்டுமே தெரிஞ்ச விஷயத்தை விளக்க வேண்டிய பொறுப்பு அவருக்குன்னு பழைய சாட்சிய சட்டம் 106-ஆவது பிரிவு சொல்லுச்சு, இப்ப புது சாட்சிய சட்டத்துல அது 109. ஆனா முதல்ல அரசுத் தரப்பு அடிப்படையை நிரூபிக்கணும், சேர்ந்து இருந்தாங்கங்கிறதை மட்டும் வச்சுத் தண்டனை குடுக்க முடியாதுன்னு நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு.

கேள்வி: அக்கா, எங்க அக்காவும் மாமாவும் வடக்க கோயில் பார்க்கப் போனாங்க. திரும்பி வர்றப்ப ராத்திரி ஒரு ஸ்டேஷன்ல தண்ணி வாங்க இறங்கின மாமா ரயில்ல ஏறல. போனும் ஆஃப். 19 நாள் ஆச்சு. அக்கா கல்லு மாதிரி உக்காந்திருக்கா. மாமா வீட்டு ஆளுங்க அவளையே பேசுறாங்க, தெருவுல ஒரு மாதிரி பார்க்குறாங்க. நான் என்ன பண்ணட்டும்? – ஒரு தங்கச்சி

தங்கச்சி, முதல்ல அக்கா பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சோறு ஊட்டுங்க. அவங்களைத் தனியா விடாதீங்க.

அப்புறம் வேலை. நாள் ஆயிருச்சேன்னு விடாதீங்க, இத்தனை மணி நேரம் காத்திருந்துதான் புகார் குடுக்கணும்னு ஒரு சட்டமும் இல்ல, அந்த ஊர் ஸ்டேஷன்லதான் குடுக்கணும்னும் இல்ல. குற்றம் நடந்திருக்குமோன்னு சந்தேகம் இருந்தா உங்க ஊர் ஸ்டேஷன்லயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அங்க மாத்தி அனுப்பணும், புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 173-ஆவது பிரிவு. ரயில்வே போலீஸ்லயும் தனியா எழுதிக் குடுங்க, ரயில்வே உதவி எண் 139-லயும் பதிவு பண்ணுங்க. ரொம்ப அவசரம் ஒண்ணு இருக்கு: ஸ்டேஷன் கேமரா பதிவு கொஞ்ச நாள்ல அதுவாவே அழிஞ்சுரும், அந்தத் தேதி, ரயில் நம்பர், பிளாட்பாரம் எல்லாம் எழுதி, பதிவை எடுத்து வைக்கச் சொல்லி இன்னைக்கே மனு குடுத்து முத்திரை போட்ட நகல் வாங்குங்க. மாமா போன் கடைசியா எந்த டவர்ல இருந்துச்சு, பேங்க் கார்டு, ஜீபே எங்கயாவது ஓடியிருக்கான்னு போலீஸைப் பார்க்கச் சொல்லுங்க. டெல்லி, உத்தரப் பிரதேசம், ஹரியானா பக்கத்துப் போலீஸ் சேர்ந்து நடத்துற ஜிப்நெட்டுன்னு ஒரு தளம் இருக்கு, காணாம போனவங்க, அடையாளம் தெரியாம ஆஸ்பத்திரியில சேர்த்தவங்க விவரம் அதுல வரும், தினமும் பாருங்க. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஒவ்வொண்ணா போன் போடுங்க. போலீஸ் அசையலேன்னா ஆட்கொணர்வு மனு போடலாமான்னு ஒரு வக்கீலைக் கேளுங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் எட்டாவது படிக்கும்போது எங்க தெருவுல ஒரு அத்தை இருந்தாங்க. புருஷனோட வெளியூர் போயிட்டு ரெண்டு பிள்ளைங்களோட மட்டும் திரும்பி வந்தாங்க, கூட்டத்துல அவரைத் தவற விட்டுட்டேன்னு சொன்னாங்க. தெரு நம்பல. பொட்டு வைக்கிறா பாருன்னாங்க, பொட்டு வைக்கலேன்னா அதுக்கும் பேசியிருப்பாங்க. தினமும் எங்க வீட்டுக்கு மோர் வாங்க வர்றவங்க, ஒருநாள் எங்கம்மா கதவை முழுசா திறக்காம சொம்பை வெளிய நீட்டினதைப் பார்த்துட்டு அடுத்த நாள்லருந்து வரல. ஆறு மாசம் கழிச்சு ஒரு தபால் கார்டு வந்துச்சு, வேற மாநிலத்துல ஒரு ஆஸ்பத்திரியில தலையில அடிபட்டு நினைவு தப்பி இருந்தவருக்கு ஊர் பேர் ஞாபகம் வந்திருக்கு. அவர் வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்த அத்தை எங்க தெருவுல யார் வீட்டுப் படியும் ஏறல. எங்கம்மா சாகுற வரைக்கும் அந்தச் சொம்பைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாங்க.

உங்க அக்கா நம்பரும் உங்க நம்பரும் எனக்குத் தனியா அனுப்புங்க. நான் கூப்பிடுறேன்.

கேள்வி: உலகத்துல எத்தனையோ பேர் காணாம போறாங்க, கேபிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்? – ஜெ. மேரி, தூத்துக்குடி

சரியாக் கேட்டீங்க. இளவயசு, வெள்ளைக்காரப் பொண்ணு, ஏகப்பட்ட போட்டோ, வீடியோ. அதே வயோமிங்ல 2011-லருந்து 2020 வரைக்கும் காணாம போனதா பதிவான பழங்குடி மக்கள் 710 பேர், நிறைய பேர் திரும்பக் கிடைச்சாங்கதான், ஆனா கிடைக்காதவங்க பேரை டிவியில கேட்டிருக்கீங்களா? கேபியோட அப்பாவே மைக் முன்னாடி நின்னு, என் பொண்ணுக்குக் குடுத்த கவனத்தை மத்தவங்களுக்கும் குடுங்கன்னு கேட்டார், அந்த வேதனையிலயும். இந்தச் செய்தியைப் பார்த்துட்டு, அதே மலைப் பக்கம் காணாம போன வேற ஒருத்தரை ஞாபகம் வந்து சிலர் போன் பண்ண, தேடிப் போய் அவர் உடம்பையும் கண்டுபிடிச்சாங்க, அவர் குடும்பத்துக்கு அதுவாவது கிடைச்சுது.

கேள்வி: பீட்டர் ஃபால்கோனியோ உடம்பு கிடைச்சுதா? – ச. பாரி, தஞ்சாவூர்

இல்ல. பரோல் வேணும்னா உடம்பு எங்கேன்னு சொல்லியாகணும்னு 2016-ல அந்த ஊர்ல சட்டமே கொண்டு வந்தாங்க, முர்டாக் அதுக்கும் வாயைத் திறக்கல. 2025 ஜூன்ல தகவல் சொல்றவங்களுக்கு அஞ்சு லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் தர்றோம்னு போலீஸ் அறிவிச்சாங்க. அடுத்த மாசம், ஜூலை 15-ஆம் தேதி, தொண்டையில புற்றுநோய் வந்து முர்டாக் செத்துட்டான், எதுவும் சொல்லாமலே. சம்பவம் நடந்து அதுக்கு முந்தின நாளோட சரியா 24 வருஷம். பாரோ கிரீக் பக்கம் அந்தச் செம்மண்ணுல எங்கேயோ பீட்டர் இருக்கார், பரிசு அறிவிப்பு இருக்கு, போலீஸ் இன்னும் தகவல் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க.